சக்கரம் பெரிசா? பொருத்தம் பெரிசா?



நம் கேன்டீனில் மாதம் ஒருமுறையாவது காதில் விழுகிற பேச்சு இது. “மச்சி, கார் வாங்கினா முதல் வேலை பதினேழு இஞ்ச் அலாய் வீல்தான். அப்பத்தான் வளைவுல வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்!” கார் வாங்க எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. வீல் மட்டும் முடிவாகிவிட்டது! தறி ஒன்றே சொத்தாக உள்ள வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அந்த ஆசை எனக்கும் உண்டு, ஆகவே யாரையும் கேலி செய்யவில்லை. ஆனால் ‘பெரிய சக்கரம் போட்டால் நல்ல ஹேண்ட்லிங்’ என்பதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி ஆளைக் கொல்லக்கூடியது.

எங்கள் ஊர் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர்சாலை நடந்ததையும், அங்கே வேலை செய்தவர்களுக்கு என்ன கூலி, என்னென்ன மருந்து எவ்வளவு இருப்பு என்பதையும் கணக்காகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். எங்கெங்கிருந்தோ வந்து எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுப் போகிறார்கள். டயரின் பக்கச்சுவரிலும் ஒரு கல்வெட்டு உண்டு. தினமும் அதன் மேல் சவாரி செய்கிற நாம் ஒருநாளாவது குனிந்து படித்திருக்கிறோமா?

மாருதி டிசையரை எடுத்துக்கொள்வோம். குறைந்த விலை மாடலின் டயரில் 165/80 ஆர் 14 என்றிருக்கும். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. அதாவது 132 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் மொத்த விட்டம் ஏறக்குறைய 620 மி.மீ. அதே காரின் விலை கூடிய மாடலுக்கு 185/65 ஆர் 15. அதன் மொத்த விட்டம் 621.5 மி.மீ. ரிம் ஒரு அங்குலம் ஏறியது, மொத்தத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட மாறவில்லை! ரிம் ஏறிய அளவுக்கு ரப்பரைக் குறைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு அங்குலம் ஏற்ற வேண்டுமானால் 195/55 ஆர் 16 போட்டால் 621-க்குப் பக்கத்தில் வரும். அதை விட்டுவிட்டு ‘பார்க்க நல்லாயிருக்கு’ என்று 205/60 ஆர் 16 போட்டால் 652 ஆகிவிடும். மீட்டரில் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 84-ல் போகும். கியர் விகிதம் மாறும், இழுவை குறையும், முழுக்கத் திருப்பினால் டயர் உள்ளே உரசும்.

பெரிய ரிம்மால் பயனே இல்லையா? உண்டு, மறைக்க வேண்டாம். பக்கச்சுவர் குட்டையானால் ஸ்டியரிங்கைத் திருப்பிய உடனே வண்டி திரும்பும். நடுவில் ரப்பர் முறுக்கிக்கொள்ளும் நேரம் குறைகிறது. ஆனால் அகலமான டயர் என்றால் ரோட்டைத் தொடும் பரப்பு அப்படியே இரட்டிப்பாகிவிடும் என்பது கட்டுக்கதை. இரண்டு பேர் உட்கார்ந்த டிசையரில் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 260 கிலோ. காற்று 30 பி.எஸ்.ஐ., அதாவது சதுர செ.மீ.க்கு 2.1 கிலோ. வகுத்துப் பாருங்கள், 124 சதுர செ.மீ. வரும். ஏறக்குறைய ஒரு தபால் கார்டு! அகலமான டயரில் அந்தக் கார்டு குறுக்குவாட்டில் திரும்பி உட்காருகிறது, அவ்வளவுதான். உயிர் நிற்பது அந்த நாலு கார்டின் மேல். அதைத் தீர்மானிப்பதில் முதல் ஆள் காற்று. ஆனால் பங்க்கில் காற்றடிக்க இரண்டு நிமிஷம் நிற்க மாட்டோம், அலாய்க்குக் கடன் வாங்குவோம்.

இன்னொன்று எடை. சக்கரத்தின் எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை. கனமான சக்கரம் மேடு பள்ளத்தில் குதித்தால் திரும்ப ரோட்டுக்கு வர நேரமாகும். காற்றில் நிற்கிற டயருக்கு ஏது பிடிப்பு? எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பாருங்கள். கல்குவாரி லாரியும் கிரஷர் லாரியும் ஓடி ஓடி ரோடு சல்லடையாகிக் கிடக்கும். 132 மி.மீ. ரப்பர் தாங்குகிற அடியை 205/40 ஆர் 17 டயரின் 82 மி.மீ. தாங்குமா? முதலில் ரிம் வளையும், பிறகு டயரில் பலூன் மாதிரி வீக்கம் வரும்.

“அப்போ ரேஸ் காருக்கு எப்படி?” என்று கேட்பீர்கள். நம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ரேஸ் பார்த்துவிட்டு வந்த நண்பன் என்னிடம் கேட்டது இதைத்தான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஃபார்முலா ஒன் கார்கள் 2021 வரை ஓடியது 13 அங்குல ரிம்மில்! நம் தமிழகத்து நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்கு ஓட்டியதும் அதே 13 அங்குலத்தில்தான். 2022-ல்தான் 18-க்கு மாற்றினார்கள். மணிக்கு 300 கிலோமீட்டர் தாண்டுகிறவனுக்குப் போதுமானது வாலாஜாபாத் போகிற நமக்குப் போதாதா?

அளவு சரியாக இருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. என் பெரியப்பா மகன் டிசையரை டூரிஸ்ட் வண்டியாக ஓட்டுகிறார். பட்டுப் புடவை எடுக்க வருகிறவர்களைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போவார். ராத்திரி யாருக்காவது நெஞ்சுவலி என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கும் அந்த வண்டிதான். ஒரு கடையில் ஹோண்டா சிட்டி காரிலிருந்து கழற்றிய 16 அங்குல அலாய் செட்டைப் பழைய டயரோடு வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். நாலு போல்ட், போல்ட் வட்டம் 100 மி.மீ. இரண்டு காருக்கும் ஒன்றே. “கனகச்சிதமா உக்காந்திடுச்சு பார்றா தம்பி” என்றார். 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடியது. கடைக்காரர் மூன்று தடவை பேலன்சிங் செய்து மூன்று தடவையும் காசு வாங்கினார்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது சக்கரத்தைக் கழற்றி வெர்னியர் வைத்து அளந்தேன். ரிம்மின் நடுத் துளை 56.1 மி.மீ. டிசையரின் ஹப் 54.1 மி.மீ. சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் சந்து! ரிம்மை நடுவில் நிறுத்த ஹப் இல்லை, நாலு நட்டுதான் நிறுத்துகிறது. இதையாவது சந்தை அடைக்கும் வளையம் போட்டுச் சரிசெய்யலாம். அடுத்து நட்டைப் பார்த்தேன். ஹோண்டா ரிம்மில் நட்டு உட்காரும் குழி உருண்டை, கிண்ணம் மாதிரி. மாருதி நட்டு கூம்பு வடிவம். கிண்ணத்தில் கூம்பை இறுக்கினால் முழுதாகப் பொருந்தாது, ஒரு கோடு மட்டும்தான் தொடும். எவ்வளவு இறுக்கினாலும் நாளடைவில் தளரும். ஹோண்டா நட்டையே போட்டுவிடலாமா? முடியாது. மரையே வேறு. அது எம்12, 1.5 பிட்ச். மாருதி எம்12, 1.25 பிட்ச்.

ரிம்மிலும் குறையில்லை, காரிலும் குறையில்லை. ஒன்றுக்கு ஒன்று பொருத்தமில்லை, அவ்வளவே. “அண்ணே, இதைப் போட்டுக்கிட்டு ஒரு சவாரிகூடப் போவாத” என்றேன். பெரியப்பாவுக்குப் புரியவில்லை. “நாலு ஓட்டையும் சரியாத்தானே இருக்கு?” என்றார். அப்பாதான் தறிக் கணக்கில் சொன்னார்: “அச்சு நம்மளது, பாவு வேற தறிக்குப் போட்டது. கட்டிடலாம், நெய்ய முடியுமா?” அன்று சாயங்காலமே பழைய இரும்பு ரிம் ஏறியது. ஆட்டம் நின்றது.

இந்த மூன்று அளவைப் பார்க்க இருபது நிமிடம் ஆனது. இதோடு ஆஃப்செட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம் அது. குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும், பேரிங் மேல் நெம்புகோல் மாதிரி பாரம் கூடும், ஸ்டியரிங் கையை இழுக்கும். இதையெல்லாம் பார்க்காமல் மாட்டி அனுப்புகிற கடைகளின் மேல் எனக்குக் கோபம் உண்டு. நம் பாடநூலின் மேலும் கொஞ்சம் உண்டு. டயர் வகைகளை ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்கிறோம், நட்டு உட்காரும் குழியைப் பற்றி ஒருவரும் நம்மிடம் கேட்பதில்லை. தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. நம் ஆட்கள் போலீஸ்காரர் நிறுத்தும்போதுதான் அதை நினைப்பார்கள்.

ஆசை தீர மாற்றித்தான் ஆகவேண்டும் என்பவர், அதே காரின் உயர் மாடலுக்குக் கம்பெனியே தருகிற அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும். நம் ரோட்டுக்கு அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. மிச்சக் காசில் நல்ல டயர் வாங்கலாம். அளவுக்குப் பக்கத்தில் உள்ள எண் பாரம்: 85 என்றால் ஒரு டயருக்கு 515 கிலோ, 88 என்றால் 560. பழைய டயரில் இருந்ததைவிட அது குறையக்கூடாது. நாலு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்த டயர். ‘புதுசு’ என்று விற்பவரிடம் அந்த எண்ணைக் காட்டிக் கேளுங்கள், முகம் மாறும்!

கடைசியாக மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலை ஒட்டிப் பார்வேட்டைக்காகக் காஞ்சி வரதர் பழையசீவரம் வந்து, பாலாறு கடந்து எங்கள் ஊருக்கும் எழுந்தருளுவார். அன்று வேனும் காருமாக ஊர் நிறைந்திருக்கும். பாலத்து முனையில் ஒரு மேஜை போட்டு, வருகிற வண்டிகளுக்குக் காற்றும் தேய்மானமும் நட்டும் இலவசமாகப் பார்த்துச் சொல்வோம். காடி ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போன டயர் எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்தால் அடுத்த ஆண்டு மலருக்குக் கட்டுரையும் ஆயிற்று. வெர்னியர் நான் கொண்டு வருகிறேன். காற்று அளக்கும் கேஜ் இரண்டு வேண்டும். சங்கச் செயலாளர் கவனிக்க.