நெய்தல் படித்தவர்களும் எண்ணூர்க் கழிமுகமும்

தமிழ் முதுகலை பயிலும் மாணவர் எவரையும் நெய்தல் திணை பற்றிக் கேட்டுப் பாருங்கள். சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல், மக்கள் பரதவர், நுளையர், உமணர் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகம் கடலைப் பார்த்தே நிற்கிறது. அங்கிருந்து கரையோரமாக வடக்கே போனால் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். அப்பால் நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம். நூலில் வாழும் பரதவரை மனப்பாடம் செய்த கல்வி, அருகில் வாழும் பரதவரை எவ்வாறு நடத்துகிறது என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

பல்கலைக்கழகங்கள் அம்மக்களிடம் போகாமல் இல்லை, நண்பர்களே. போகின்றன. மட்டியின் சதையில் எத்தனை ஈயம், இறாலில் எத்தனை காட்மியம், குடும்ப வருமானம் என்ன, கழிப்பறை உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்கின்றன. அவை ஆங்கிலத்தில் ஆய்வேடுகளாகி முனைவர் பட்டங்களாகின்றன. எந்த ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கமாவது ஊர்ப் பஞ்சாயத்தின் கையில் கொடுக்கப்பட வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகம் விதி வகுத்திருக்கிறது? மீனவர் அங்கே தகவல் தருபவர், அறிந்தவர் அல்லர்.

ஆனால் அவர்கள் அறிந்தவர்கள். கச்சான், கொண்டல், வாடை எனக் காற்றுக்கும், வன்னி, தெண்டி என நீரோட்டத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, அதைக் கொண்டு வலை தேர்கிறவர்கள். இப்பகுதியின் இருளர்களோ, ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கலங்கிய நீரினுள் கையால் தடவியே இறாலைப் பிடிக்கிறார்கள். அரசுப் பட்டியலில் இருளர் பழங்குடியினர், கடல் மீனவர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். பட்டியல் எதுவாயினும் இந்நீர்நிலையின் தொல்குடிகள் இவர்களே. அண்மைக் காலத்தில் தென்னமெரிக்கக் கடற்கரைகளைத் தாயகமாகக் கொண்ட அயல் சிப்பியொன்று எண்ணூர் நீரடியைப் பாய்போல் மூடி, மஞ்சள் மட்டியையும் இறாலையும் விரட்டியது. விலங்கியலார் அதனை மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா என்பர். 'காக்கா ஆழி' என்ற பெயர் மீனவர் இட்டது. இன்று அரசு ஆவணங்களும் அப்பெயரைச் சொல்கின்றன; பெயரிட்டவர்களைப் பற்றி எந்தப் பாடநூலிலும் ஒரு வரி இராது.

இது மரியாதைக் குறைவு பற்றிய மனத்தாங்கல் அன்று. யாருடைய அறிவு அறிவாகக் கொள்ளப்படுகிறதோ அவருடைய வரைபடமே செல்லுபடியாகும். 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட நீர்நிலையாக இருந்தது. 2017-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கிடைத்த வேறொரு வரைபடத்தில் கழிமுகமே இல்லை! நீர் இருக்கிறது, படகு ஓடுகிறது, தாளில் மட்டும் காணோம். 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவக் கிராமங்களும் அவர்தம் பொது இடங்களும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும் என்கிறது. ஆயினும் 2023-இல் தமிழகத்தின் வரைவு வரைபடங்கள் வெளிவந்தபோது, வலை உலர்த்தும் இடங்களும் மீன்பிடி இடங்களும் விடுபட்டிருப்பதாக மீனவர்கள் எதிர்த்தனர். அவற்றைத் தயாரித்த தேசிய மையம் இருப்பது அண்ணா பல்கலைக்கழக வளாகத்தினுள். கிண்டிக்கும் எண்ணூருக்கும் இடையே அப்படியென்ன தொலைவு?

அதே 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் கழிமுகத்தில் கலந்தது. அரசு வல்லுநர் குழுக்களை அமைத்தது. வாளியாலும் வெறுங்கையாலும் எண்ணெயை அள்ளியவர்கள் மீனவர்கள். வேலைப் பங்கீடு தெளிவாகத்தான் இருக்கிறது.

வேறு விதமாகவும் நடக்கலாம். 2017 ஜனவரியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகம், சதுப்பு நிலங்களில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவரை அழைத்தது. முதல் இரண்டு வாரங்களுக்குள்ளாகவே பதின்மூன்று பாம்புகள் அகப்பட்டன. இருவரும் சென்னைக்கு அருகே, செங்கல்பட்டுப் பகுதியினர். அவர்களை வல்லுநர் என்று அழைக்கக் கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகம் வேண்டியிருந்தது. இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது 2023-இல்தான் வந்தது.

'மீனவப் பிள்ளைகள் படிப்பதே கடலைவிட்டு வெளியேறத்தானே, மரபறிவு என்று சொல்லி அவர்களைக் கட்டிப்போடப் பார்க்கிறீர்களா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான ஐயந்தான். எவரும் எங்கும் போகட்டும், மருத்துவராகட்டும், பொறியாளராகட்டும். நாம் பிள்ளைகளைப் பற்றிப் பேசவில்லை, பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். 2012-இல் மாநிலத்துக்கென மீன்வளப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் கல்லூரியொன்று எண்ணூருக்கு அருகே பொன்னேரியிலேயே உள்ளது. மீனவர் மகள் அங்கே சேர்ந்து, தன் தந்தையின் தொழிலை ஆங்கிலத்தில் கற்கிறாள். தந்தை அவ்வகுப்பறையில் ஆசிரியராக நுழைய முடியாது. ஒரு மக்களின் அறிவை அவர்களிடமிருந்தே பிரித்தெடுத்துப் பட்டமாக விற்பதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இலக்கியம் படிக்கும் நமக்கும் இதில் பங்குண்டு. தென்கோடியில் ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004-இல் வந்தபோது அதன் பரதவர் மொழியைக் கண்டு வியந்தோம். வறீதையா கான்ஸ்தந்தின் போல, கடற்கரையில் பிறந்து கல்லூரிப் பேராசிரியராகி நெய்தலை எழுதியவர்கள் அரிதாகவே வாய்க்கிறார்கள். வடசென்னைக் கடற்கரையின் சொற்களைத் தொகுக்க எத்தனை தமிழ்த் துறைகள் இதுவரை மாணவர்களை அனுப்பின? அத்திப்பட்டின் உப்பளங்கள் பல துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் போய்விட்டன. உமணர் மட்டும் தேர்வுத் தாளில் பத்திரமாக இருக்கிறார்.

சட்டம் இடந்தரவில்லை என்று எவரும் கைவிரிக்க வேண்டாம். 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு 'நடைமுறைப் பேராசிரியர்' பதவிக்கு நெறிமுறை வெளியிட்டது. பட்டம் கட்டாயமில்லை, பதினைந்து ஆண்டு அனுபவம் வேண்டும், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காடு வரை நியமிக்கலாம். அது சுட்டும் துறைகளில் ஆட்சிப்பணி உண்டு, படைத்துறை உண்டு, நுண்கலை உண்டு. நாற்பது ஆண்டு கடலோடியவர் காசிமேட்டில் தெருவுக்குத் தெரு இருக்கிறார். சென்னையின் எந்தப் பல்கலைக்கழகம் முதல் நியமன ஆணையைத் தமிழில் அடித்து அங்கே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறது?