மாமா, அது ஸ்டெப்னி இல்லை, காயலான் கடை இரும்பு!

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சண்டை. ஆரம்பித்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். மாமா (அம்மாவின் தம்பி) காஞ்சிபுரத்தில் பெயர் வெட்டும் கடை வைத்திருக்கிறார். எவர்சில்வர் குடத்திலும் தாம்பாளத்திலும் கையால் பெயர் போட்டு ஆரம்பித்தவர். இப்போது ஷீல்டு, பித்தளைப் பெயர்ப்பலகை, கோயில் உபயப் பலகை என்று எல்லாமே கம்ப்யூட்டர் என்கிரேவிங் மெஷினில். கடையில் இருப்பது ஒரே ஒரு மெஷின். போன ஆவணி முகூர்த்த சமயத்தில் வேலை நாலு நாள் நின்றுபோய், சீர்வரிசைப் பாத்திரம் கொடுத்த இரண்டு பேர் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதிலிருந்து மாமாவுக்கு ஒரே யோசனை, ஒரு ஸ்டெப்னி வேண்டும். சென்னையில் ஒருவர் கடையை மூடுகிறார். இருபது வருஷத்துக்கும் மேலான மெஷின், அதை ஓட்டும் விண்டோஸ் 98 கம்ப்யூட்டர், மேஜை எல்லாம் சேர்த்து அறுபதாயிரம். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. "பி.காம். படிக்கிற பையனுக்கு மெஷினைப் பத்தி என்னடா தெரியும்?" என்று என் வாயை அடைத்துவிட்டார். வீட்டில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. போன ஆவணியில் கெட்டுப்போனது எது? மெஷினா? இல்லை. அதை ஓட்டும் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க். மெஷின் நாலு நாளும் நல்லாவே இருந்தது, சும்மா நின்றது. டிசைன் ஃபைல்களுக்கு ஒரு காப்பி கூட எங்கும் இல்லை. இந்த நோய்க்கு மருந்து, அதைவிடப் பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள இன்னொரு கம்ப்யூட்டராம்!

பழைய மெஷின் என்றால் இரும்பு உறுதியாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. சாவது இரும்பு இல்லை, அதைச் சுற்றியிருப்பவைதான். பவர் சப்ளையில் இருக்கும் கெப்பாசிட்டர் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தாலும் கெடும். பெல்ட் இறுகி வெடிக்கும். அந்தக் காலத்து மெஷின்கள் பலவும் பேரலல் போர்ட்டிலோ சீரியல் போர்ட்டிலோதான் பேசும். சாஃப்ட்வேர் திறக்க பின்னால் ஒரு டாங்கிள் செருகியிருக்க வேண்டும். அது போனால் எல்லாம் போச்சு. இப்போது விற்கிற யூஎஸ்பி மாற்றுக் கேபிள் பிரிண்டருக்கு ஆகும், டாங்கிளுக்குப் பெரும்பாலும் ஆகாது. விண்டோஸ் 98க்கு மைக்ரோசாஃப்ட் 2006லேயே கைகழுவியாயிற்று, எக்ஸ்பிக்கு 2014ல். அந்தக் காலத்து 16 பிட் சாஃப்ட்வேர் விண்டோஸ் 11ல் ஓடவே ஓடாது. ஆகவே மாமா வாங்கப்போவது ஒரு மெஷின் இல்லை. ஒன்று போனாலும் மற்றதெல்லாம் செத்துப்போகும் நாலைந்து கிழங்களின் கூட்டுக்குடும்பம்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் நம்ம தமிழ்தான். இதை யாரும் யோசிப்பதில்லை. தமிழக அரசு 1999ல் டாம், டாப் என்று எழுத்துருத் தரம் கொண்டுவந்தது, 2010ல்தான் யூனிகோடுக்கு வந்தது. கடைகளிலோ பாமினி மாதிரி ஆளுக்கொரு எழுத்துரு. இன்றைக்கு வாடிக்கையாளர் பெயரை வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்புகிறார். அதைப் பழைய சாஃப்ட்வேரில் ஒட்டினால் கேள்விக்குறிதான் வரும். அவசரத்தில், முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி, பழக்கமில்லாத விசைப்பலகையில் திரும்ப அடிக்க வேண்டும். "ஸ்ரீ" எங்கே, "ஷ" எங்கே என்று தேடி அடித்து, ஒரு கால் விட்டுப்போனால்? காகிதம் என்றால் கிழித்துப் போடலாம். வெள்ளித்தட்டை என்ன செய்வது? இன்னொன்று, இந்த மெஷின்களோடு வரும் ஒற்றைக்கோடு எழுத்தெல்லாம் ஆங்கிலம்தான். சாதாரணத் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் விளிம்பை மட்டும் சுற்றி இரட்டைக்கோடாக வெட்டிவைக்கும்.

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களைப் பாருங்கள். ஜக்கார்டு பெட்டி பழசானால் பயப்பட மாட்டார்கள். ஏனென்றால் டிசைன் இருப்பது பெட்டியில் இல்லை, அட்டையில். அதே கொக்கிக் கணக்குள்ள வேறொரு பெட்டியில் மாட்டினால் அதே மயில் வரும். மாமாவிடம் அட்டை இல்லை, பெட்டியை மட்டும் இரண்டாக்கப் பார்க்கிறார்.

கணக்கும் பார்த்துவிடுவோம் (பி.காம். என்று திட்டினாரே!). நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு லாபம் போனது என்றால் நாலு நாளுக்கு ஆறாயிரம். அறுபதாயிரம் திரும்ப வர இப்படிப் பத்துத் தடவை கடை படுக்க வேண்டும். விற்பவர் ஜிஎஸ்டி பில்லும் தர மாட்டாராம், ஆகவே உள்ளீட்டு வரிக் கழிவு என்ற பேச்சே இல்லை. தேய்மானம் காட்டலாமே என்கிறார் மாமா. பில்லே இல்லாத பொருளுக்கு எந்த மதிப்பின் மேல்?

"பணம் மட்டுமா? கொடுத்த வாக்கு போச்சேடா" என்றார். அது நியாயம், அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் வாக்கைக் காப்பாற்றத்தான் ஸ்டெப்னி என்றால், அது அந்த ஒரு நாள் கட்டாயம் ஓடியாக வேண்டும். மூலையில் துணி மூடிக் கிடந்துவிட்டு ஆவணியில் எழுந்திரு என்றால் எழுமா?

எல்லாப் பழைய மெஷினும் குப்பை என்று நான் சொல்லவில்லை. இப்போது ஓடுகிற அதே மாடல் கிடைத்தால், உதிரிக்காகவே வாங்கலாம். கம்ப்யூட்டரே இல்லாத பேன்டோகிராஃப், அதுதான் பித்தளை எழுத்துத் தட்டை வரிசையாக அடுக்கி ஊசியால் தடவினால் இந்தப் பக்கம் வெட்டுமே, அது கிடைத்தால் கூட நான் வாய்திறக்க மாட்டேன். காலாவதியாக அதில் ஒன்றும் இல்லை. இரண்டும் இல்லையென்றால் இன்னொரு கம்ப்யூட்டர், ஃபைல் காப்பி இரண்டு இடத்தில், ஒரு பெல்ட், நாலு கட்டர், இவ்வளவுதான் தேவை. பாத்திரத்துக்கு மாமாவின் கையே இருக்கிறது. அந்தப் பழைய கை மெஷின் இன்னும் பரண்மேல்தான். கடைப் பையன்கள் இரண்டு பேருக்கும் அதைப் பிடிக்கக்கூடத் தெரியாது. சொல்லிக்கொடுக்க ஒரு மாசம் ஆகுமா?

வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார். அம்மா சிபாரிசில் நானும் கூடப் போகிறேன். ஒரே நிபந்தனை: நம்ம கடை வேலை ஒன்றை, தமிழ்ப் பெயரோடு, என் கண்முன்னால் அந்த மெஷினில் வெட்டிக்காட்ட வேண்டும். மாமா சரி என்றுவிட்டார். அந்தக் கம்ப்யூட்டர் பென் டிரைவை ஏற்காது, ஃப்ளாப்பியில் கொண்டுவாருங்கள் என்று விற்பவர் சொல்லியிருக்கிறார். மூன்று நாளாகத் தேடுகிறேன், காஞ்சிபுரம் முழுக்க ஒரு ஃப்ளாப்பி கிடைக்கவில்லை.