வாழ்நாள் பத்தியம்: சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மருத்துவர் மாத்திரை கொடுத்தால், நோயாளி சாப்பிட்டாரா என்பதை மிச்சத்தை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். நீரிழிவு உள்ளவர் விரல்நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சில வினாடிகளில் சர்க்கரை அளவைப் பார்த்துவிடலாம். ஆனால், ஒரு நோய்க்கு மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை, பத்தியம் மட்டுமே சிகிச்சை என்றால் என்ன செய்வது? அந்தப் பத்தியம் ஒழுங்காக நடக்கிறதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? சீலியாக் நோய் மருத்துவ உலகின்முன் வைத்திருக்கும் கேள்வி இது.

இக்கேள்வி இப்போது முக்கியத்துவம் பெறுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2023 செப்டம்பரில் இத்தாலி, சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் முதல் வகை நீரிழிவு, சீலியாக் ஆகிய இரு நோய்களையும் நாடு தழுவிய அளவில் பரிசோதிக்க வகைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நோய்க்குறி தெரியுமுன்பே பலரைக் கண்டறிவது நல்ல செய்திதான். ஆனால், கண்டறிந்த பிறகு அந்தப் பிள்ளைகள் வாழ்நாள் முழுவதும் பத்தியம் இருக்க வேண்டும். பரிசோதனை ஒருநாள் வேலை. கண்காணிப்போ ஆயுள் முழுவதும் தொடர வேண்டியது.

உடல் தன்னையே தாக்கும் நோய்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் உள்ளது. பிசைந்த மாவு இழுபடுவதற்கு அதுவே காரணம். ரொட்டி சானாய் மாவைக் காற்றில் வீசி விரிக்க முடிவதும் அதனால்தான். சீலியாக் நோய் உள்ளவர்களின் உடலில் குளூட்டன் நுழைந்ததும் நோய் எதிர்ப்பு மண்டலம் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கத் தொடங்குகிறது. சத்துகளை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. இதனால் வயிற்றுப்போக்கு, இரத்தச்சோகை, எலும்பு பலவீனம், சிறுவர்களிடம் வளர்ச்சிக் குறைவு ஆகியவை ஏற்படலாம். சிலருக்கு எந்த அறிகுறியும் வெளியே தெரியாது. உலக மக்களில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது.

ஒரு துணுக்கும் கணக்கில் வரும்

‘கொஞ்சம் சாப்பிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?’ என்று நாம் சாதாரணமாகக் கேட்போம். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் இதற்கு விடை தேடினர். பத்தியத்தில் இருந்த நோயாளிகள் சிலருக்கு 90 நாள்கள், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் கொடுத்தபோது குடலுறிஞ்சிகள் பாதிக்கப்பட்டன. சாதாரண ரொட்டித் துண்டு ஒன்றில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். அப்படியானால் 50 மில்லிகிராம் என்பது அதில் நாற்பதில் ஒரு பங்கு. மேசைமேல் சிந்தும் துணுக்கின் அளவுதான்.

இதனால்தான் அனைத்துலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத உணவையே ‘குளூட்டன் இல்லாதது’ என்று குறிப்பிடலாம் என வரையறுத்தது. அந்த உச்ச அளவிலேயே ஒருவர் ஒரு நாளில் அரைக் கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராம்தான் உள்ளே போகும்.

நான்கு வழிகள், நான்கு குறைகள்

பத்தியத்தைக் கண்காணிக்க மருத்துவர்களிடம் இன்று நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, கேட்டறிவது. உணவியல் நிபுணர் நோயாளியிடம் என்ன சாப்பிட்டார், எங்கே சாப்பிட்டார் என்று விசாரிப்பார். செலவு குறைந்த, மனிதத்தன்மை மிக்க வழி இது. ஆனால், தமக்கே தெரியாமல் சாப்பிட்டதை யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, இரத்தப் பரிசோதனை. நோயைக் கண்டறிய உதவும் எதிர்ப்பொருள்களின் அளவு, பத்தியம் தொடங்கிய பிறகு மெல்ல மெல்லக் குறையும். ஆனால், அது சீரான அளவுக்கு வர மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகும். சென்ற வாரம் நடந்த தவறு அதில் தெரியாது. முடிவு சீராக இருந்தாலும் குடல் ஆறிவிட்டது என்று உறுதி சொல்ல முடியாது.

மூன்றாவது, குழாய்வழி உள்நோக்கிச் சிறுகுடல் திசுவை எடுத்து ஆராய்வது. குடலின் உண்மை நிலை இதில்தான் தெரியும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் 34 விழுக்காட்டினருக்கே ஈராண்டுகளில் குடல் ஆறியிருந்தது; ஐந்தாண்டுகளில் அது 66 விழுக்காடானது. எனினும், இந்தச் சோதனையை அடிக்கடி செய்ய முடியாது.

நான்காவது, அண்மைக் கால வழி. குளூட்டன் முழுமையாகச் செரிப்பதில்லை. அதன் சில துண்டுகள் மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகின்றன. அவற்றைக் கண்டறியும் சோதனைகளை ஸ்பெயின் ஆய்வாளர்கள் உருவாக்கினர். 2016இல் வெளியான அவர்களது ஆய்வில், பத்தியத்தில் இருந்த 188 பேரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரின் மலத்தில் குளூட்டன் துண்டுகள் காணப்பட்டன. மூன்று வயதுக்கு உட்பட்டோரிடம் 16 விழுக்காடாக இருந்த இந்த அளவு, 13 வயதைத் தாண்டியோரிடம் 39 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால், இச்சோதனை கடந்த சில நாள்களை மட்டுமே காட்டும். அதற்கு முன்னர் நடந்ததை அது அறியாது.

தவறு யாருடையது?

வயது கூடக் கூடத் தவறும் கூடுவது ஏன்? சின்னப் பிள்ளைக்கு அம்மா சமைத்துக் கொடுக்கிறார். பதின்ம வயதில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, நண்பரின் பிறந்தநாள், விடுதிச் சாப்பாடு என உலகம் விரிகிறது. ‘எனக்கு இது ஒத்துக்கொள்ளாது’ என்று எல்லார் முன்னும் சொல்லக் கூச்சம் வருகிறது.

ஆனால், எல்லாத் தவறும் நோயாளியின் தவறு அல்ல. அமெரிக்காவில் கையடக்கக் கருவியைக்கொண்டு பயனீட்டாளர்கள் செய்த 5,600க்கும் மேற்பட்ட சோதனைகளின் முடிவு 2019இல் வெளியானது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்லி உணவகங்கள் பரிமாறிய உணவில் 32 விழுக்காட்டில் குளூட்டன் இருந்தது. பீட்சாவில் பாதிக்கும் மேல்.

நம் ஊர் நிலையையும் எண்ணிப் பாருங்கள். அரிசியும் உளுந்தும் சேர்ந்த தோசையில் குளூட்டன் இல்லை. ஆனால், அதே கல்லில் சற்றுமுன் ரவா தோசை வார்த்திருக்கலாம். சாம்பாரில் விழும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சோயா கிச்சாப் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. மால்ட் பானமும் பார்லித் தண்ணீரும் பார்லியிலிருந்து வருபவை. பொட்டலத்தில் அடைத்த உணவில் குளூட்டன் உள்ள தானியங்களைக் குறிப்பிட வேண்டும் என்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விதி உண்டு. அங்காடிக் கடைத் தட்டில் வரும் சாப்பாட்டுக்கு ஏது அந்தச் சீட்டு?

ஆசியர்களுக்கு இந்நோய் வராது என்று சொல்லவும் முடியாது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 562 இளையோரில் 1.25 விழுக்காட்டினரின் இரத்தத்தில் சீலியாக் தொடர்பான எதிர்ப்பொருள்கள் இருந்தன. மலாய், சீன, இந்திய இளையோர் மூன்று பிரிவிலும் அவை காணப்பட்டன.

காவலா, துணையா?

இங்கேதான் கண்காணிப்பின் நோக்கத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டியுள்ளது. சிறுநீர்ச் சோதனையில் குளூட்டன் தெரிந்ததும் ‘என்ன சாப்பிட்டாய்? உண்மையைச் சொல்’ என்று பிள்ளையை விசாரித்தால், அடுத்த முறை அவன் சோதனைக்கு இரண்டு நாள் முன்னதாக மட்டும் ஒழுங்காக இருக்கக் கற்றுக்கொள்வான். சோதனை வெல்லும், குடல் தோற்கும். அதே முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது எங்கிருந்து வந்திருக்கும், சேர்ந்து தேடுவோமா?’ என்று கேட்டால், குற்றவாளி பெருங்காய டப்பாவாகவும் இருக்கலாம். கருவி ஒன்றுதான், பயன்படுத்தும் மனம்தான் வேறு. நான்கு வழிகளில் எதுவும் தனித்துப் போதாது என்பதால், நோயாளி மனம்விட்டுப் பேசக்கூடிய நிபுணரின் இடத்தை எந்த இயந்திரமும் நிரப்பாது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இணையத்தைப் பார்த்துவிட்டு நீங்களாகவே குளூட்டனை விலக்கிவிடாதீர்கள். விலக்கிய பிறகு இரத்தப் பரிசோதனை செய்தால், நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். மற்றொன்று, உங்கள் மேசையில் ஒரு நண்பர் ரொட்டி சானாய் வேண்டாம் என்று சொன்னால், ‘ஒரு வாய்தானே’ என்று வற்புறுத்தாதீர்கள். அந்த ஒரு வாயின் கணக்கு என்னவென்று இப்போது உங்களுக்குத் தெரியும்.