மெக்சிக்கன் சாப்பாட்டுக் கடையும் "அசல்" என்னும் புரட்டும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இன்று சாப்பாட்டுக் கடைகளை எண்ணிப் பார்த்தால் ஏறக்குறையப் பத்தில் ஒன்று மெக்சிக்கன் பதார்த்தம் விற்கும் கடையாக இருக்கின்றது. பெரிய பட்டணங்களில்தான் என்றில்லை; மோட்டாருக்குப் பெட்ரோல் போட நிற்கும் சிற்றூரிலுங்கூட ஒரு டாக்கோக் கடையைக் காணலாம். டாக்கோ என்பது வேறொன்றுமில்லை. மக்காச்சோள மாவைத் தட்டிச் சுட்ட டார்ட்டியா என்னும் மெல்லிய ரொட்டியில் கறியையோ காயையோ வைத்து, மிளகாயும் தக்காளியும் அரைத்த துவையலை ஊற்றி, மடித்துக் கையால் தின்பதாகும். அந்நாட்டில் புதிய ஊருக்குக் குடிபோகிறவன் வீடு பார்த்த மறுநாளே, "இந்த ஊரில் நல்ல மெக்சிக்கன் கடை எது?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறான். கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குக் கிடைக்கும் பதிலில்தான் புரட்டு இருக்கின்றது.

கேட்டவுடன் ஒருவர், "அந்தக் கடை அசல் அல்ல, இந்தக் கடைதான் அசல் மெக்சிக்கன்" என்பார். மற்றொருவர் அதையும் தள்ளிவிட்டு, "இரண்டும் கலப்படம், அசல் வேண்டுமானால் எல்லை தாண்டிப் போக வேண்டும்" என்பார். கடைக்காரரும் இதைத் தெரிந்துகொண்டு, பலகையில் பெரிய எழுத்தில் "அசல்" என்று எழுதி மாட்டிவிடுகிறார். இந்த "அசல்" என்பது என்ன? யார் பார்த்து முத்திரை குத்தியது? எந்த வருஷத்து மெக்சிக்கோ? எந்த ஜில்லாவின் அடுப்பு? இவைகளுக்கு யாராவது பதில் சொல்லுவார்களா என்று கேட்கிறோம்.

1521-ல் ஸ்பெயின்காரர் அந்நாட்டைப் பிடிப்பதற்கு முன்னே அங்கே மாடில்லை, பன்றியில்லை, கோதுமையில்லை, பாற்கட்டியில்லை, கொத்தமல்லித் தழையுமில்லை. இன்று இவைகளை நீக்கிவிட்டு ஒரு மெக்சிக்கன் கடையை நடத்தச் சொன்னால் மறுநாளே பூட்டிவிட வேண்டியதுதான். கம்பியில் குத்திச் சுழலவிட்டுச் சீவித் தரும் பாஸ்டர் டாக்கோ, லெபனானிலிருந்து மெக்சிக்கோவில் குடியேறிய அராபியர் கொண்டுவந்த ஷவர்மாவிலிருந்து பிறந்ததாகும். சீசர் சாலட் என்னும் இலைப் பதார்த்தமோ 1924-ல் டிஹுவானா ஊரில் கடை வைத்திருந்த ஓர் இத்தாலியரால் உண்டாக்கப்பட்டதென்று சொல்லப்படுவது. இவ்வளவு ஏன்? மிளகாயும் தக்காளியும் அந்தப் பூமியிலிருந்து புறப்பட்டு, போர்ச்சுகீசியர் கப்பல் வழியாய் நம் நாட்டுக்கு வந்தவைதானே! மிளகாயில்லாத பழங்காலத்துச் சமையல்தான் அசல் தமிழ்ச் சமையல் என்று ஒருவர் புறப்பட்டால், அவர் வீட்டு அம்மாளே அவரைச் சமையலறைப் பக்கம் விடமாட்டார்.

மோலே என்னும் குழம்பைப் பற்றியும் ஒரு கதை கட்டி வைத்திருக்கிறார்கள். புவேப்லா நகரத்துக் கன்னிமாடத்தில், பெரிய குரு வருகிறாரென்று பயந்த சந்நியாசினிகள் ஜெபம் செய்தார்களாம். தேவதூதன் வந்து பக்குவம் சொன்னானாம். மோலே என்ற சொல்லோ அந்நாட்டுப் பழங்குடி மக்களின் நாவாட்டல் பாஷையில் குழம்பு என்று பொருள்படும் "மோல்லி" என்னும் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பெயின்காரன் கப்பலேறுவதற்கு முன்பே அம்மியில் மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்த பெண்களுக்குச் சேரவேண்டிய பெயரை, வானத்திலிருந்து ஒருவனை இறக்கி அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கெட்டிக்காரத்தனம் நமக்குப் புதிதல்ல.

நிற்க, இங்கிலாந்தில் பிறந்து 1957-ல் மெக்சிக்கோவில் குடியேறிய டயானா கென்னடி அம்மையார், அந்நாட்டுச் சமையல்களைப் பற்றி 1972-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். ஊர் ஊராய்ப் போய்ச் சமைக்கும் பெண்களிடம் கேட்டறிந்த அவரது உழைப்பை நாம் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, எல்லைக்கு வடக்கே டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் மெக்சிக்கர் சமைப்பதெல்லாம் மட்டம் என்னும் எண்ணம் படித்தவர்களிடையே பரவிவிட்டது. 1848 வரையில் கலிபோர்னியாவே மெக்சிக்கோவைச் சேர்ந்ததாயிருந்தது என்பதை இவர்கள் நினைப்பதில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கின்றது. பிரான்சு தேசத்து டயர்க் கம்பெனியொன்று, மோட்டார்க்காரர்கள் ஊர் சுற்றி டயர் தேயட்டும் என்று 1900-ல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட ஆரம்பித்தது. இன்று அந்த மிஷலின் புத்தகத்தின் நட்சத்திரம் விழுந்தால்தான் சாப்பாடு ருசிக்கும் என்று நினைப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். மெக்சிக்கோ நகரத்தில் எல் கலிபா டெ லெயோன் என்னும் டாக்கோக் கடை 1968 முதல் நடந்து வருகின்றது. ஓர் அறையளவு இடம். விற்பது நான்கே வகை டாக்கோ. நின்றுகொண்டுதான் தின்ன வேண்டும். அக்கடைக்கு 2024 மே மாதத்தில் நட்சத்திரம் கிடைத்தது. கிடைத்த பிறகு எங்கெங்கோ இருந்து வந்து வரிசையில் நின்றார்கள். அதற்கு முன் ஐம்பத்தைந்து வருஷமாய் அங்கே தின்ற வேலைக்காரரும் குமாஸ்தாவும் நாக்கில்லாதவர்களா? டயர் விற்கிறவன் சொல்லித்தான் ஒருவனுக்குத் தன் வாயின் ருசி தெரியவேண்டுமென்றால், அந்த வாய் யாருடையது?

அப்படியானால் நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கலாம். முதலில் டார்ட்டியாவைப் பார்க்கவேண்டும் என்பது நமதபிப்பிராயம். மெக்சிக்கோப் பெண்கள் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவிய பிறகே அரைக்கிறார்கள். அதனால் மாவு ஒட்டிக்கொள்ளும். தனி வாசனையும் உண்டாகும். சுண்ணாம்புச் சத்தும் உடம்பில் சேரும். எல்லாவற்றிலும் முக்கியமானது, மக்காச்சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்னும் சத்து உடம்புக்குக் கிடைக்கும்படியாகும். இது ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழக்கம். வெள்ளைக்காரர் மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். "காட்டுமிராண்டிப் பெண்களின்" சுண்ணாம்புப் பக்குவம் எதற்கென்று விட்டுவிட்டார்கள். விளைவு என்ன? வட இத்தாலியிலும், பின்னர் அமெரிக்கத் தென் மாகாணங்களிலும், மக்காச்சோளத்தையே நம்பியிருந்த ஏழைகள் பெல்லாக்ரா என்னும் நோய் கண்டு, தோல் வெடித்து, வயிறு போய், புத்தி கலங்கி ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதே தானியத்தைத் தின்ற மெக்சிக்கோக் குடியானவனோ பெரும்பாலும் இந்நோய்க்குத் தப்பினான்.

ஆகவே, உட்கார்ந்தவுடன் முதலில் வரும் டார்ட்டியாவை வெறுமனே கிள்ளி வாயில் போட்டுப் பார்க்கவேண்டியது. சூடும் சோள வாசனையும் இருந்தால் உள்ளே யாரோ அக்கறையோடு வேலை செய்கிறார் என்று அர்த்தம். பையிலிருந்து எடுத்துக் காட்டிய அட்டையைப்போல் இருந்தால், சுவரில் எத்தனை தொப்பிகளை மாட்டியிருந்தாலும் எழுந்துவிடலாம். சனி ஞாயிறு காலையில் மெனுடோ என்னும் மாட்டுக் குடல் சூப்பு வைக்கிற கடையானால், கட்டிட வேலைக்காரரும் தோட்ட வேலைக்காரரும் பிள்ளைகுட்டிகளோடு வந்து அதைக் குடித்துக்கொண்டிருக்கிறார்களா என்றும் பார்க்கலாம். அவர்கள் கூலிப் பணத்தைக் கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள்; பலகையைப் பார்த்து ஏமாறுகிறவர்களல்லர்.

இதற்கு ஒரு கடையை உதாரணமாய்ச் சொல்லலாம். கலிபோர்னியாவிலுள்ள சான் பெர்னார்டினோ நகரத்தின் மேற்குப் பக்கம் மெக்சிக்கர் குடியிருப்பு. அங்கே மௌண்ட் வெர்னான் சாலையில் லூசியா ரோட்ரிகஸ் என்னும் அம்மையார் 1937-ல் மிட்லா கபே என்ற கடையைத் தொடங்கினார். அவர் போட்ட டாக்கோ என்ன தெரியுமா? டார்ட்டியாவை மடித்துப் பொரித்து, கொத்துமாட்டுக்கறியை வைத்து, இலைக்கோசும் தக்காளியும் துருவிய செடார் சீஸும் தூவியது. செடார் சீஸ் இங்கிலீஷ்காரன் சரக்கு! "அசல்" பண்டிதர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கையில் கிடைத்ததைக்கொண்டு ஒரு பெண் தன் ஜனங்களுக்கு வயிறாரச் சமைத்த சாப்பாடு அது.

அந்த ஊரில் பெர்ரிஸ் ஹில் பார்க்கில் நகரசபையார் ஒரு நீச்சல் குளம் வைத்திருந்தார்கள். பொதுக் குளந்தான், வரிப்பணத்தில் நடந்ததுதான். ஆனால் மெக்சிக்க வம்சத்தார் இறங்கக்கூடாது என்று தடுத்தார்கள். பொதுக் குளத்தில் ஒரு ஜாதியார் இறங்கக்கூடாதென்பதைப் பற்றி நம் வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. அங்குள்ள மெக்சிக்கர்கள் இந்த மிட்லா கடையில் கூடிப் பேசிச் சங்கம் சேர்த்தார்கள். எல் எஸ்பெக்டடோர் என்னும் ஸ்பானிஷ் பத்திரிகையை நடத்திவந்த இக்னாசியோ லோபஸ் முதலானவர்கள் மேயர் பேரில் வழக்குத் தொடுத்தார்கள். 1944-ல் பெடரல் கோர்ட்டு, இவர்களைத் தடுத்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. மெக்சிக்கப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிய ஆரஞ்சு ஜில்லாக்காரர்கள் தோற்றது இதற்குப் பின்னர், 1947-ல்.

குளம் திறந்த சில வருஷங்களுக்கெல்லாம், மிட்லாவுக்கு எதிர்ப்புறத்தில் கிளென் பெல் என்னும் வெள்ளைக்காரர் ஹாட்டாக் கடை வைத்திருந்தார். எதிரே கூட்டம் நிற்பதைப் பார்த்து, அங்கே போய்த் தின்று, சமையலறையாரிடம் பக்குவம் கேட்டுப் பழகி, 1950களின் தொடக்கத்தில் தாமும் அதே டாக்கோவை விற்க ஆரம்பித்தார். 1962-ல் டவுனி என்னும் ஊரில் டாக்கோ பெல் என்று கடை போட்டார். 1978-ல் அதைப் பெப்சி கம்பெனிக்கு விற்றபோது கிடைத்த விலை ஏறக்குறைய 12½ கோடி டாலர். லூசியா அம்மையாரின் கடையோ அதே சாலையில் ஒரே கடையாகவே இருக்கின்றது. ஒருவர் பண்டத்தை மற்றொருவர் கற்றுக்கொள்வதில் தப்பொன்றும் இல்லை. அப்படித்தான் உலகமே சாப்பிடுகின்றது. ஆனால் பண்டத்தை எடுத்துக்கொள்ள ஒரு நாளில் சம்மதித்த நாடு, பண்டம் செய்தவளின் பிள்ளைகளைக் குளத்தில் இறக்க வழக்காட வைத்ததே என்பதுதான் நம்முடைய கேள்வி. அந்தக் குணம் இன்னும் போய்விடவில்லை. 2025 ஜூன் மாதத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் குடியேற்ற அதிகாரிகள் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, தெருவில் டாக்கோ விற்பவர்கள் பலர் பயந்து கடை போடாமல் வீட்டிலேயே அடைந்து கிடந்தார்கள். முந்தின வாரம் வரை அவர்களிடம் வரிசையில் நின்று வாங்கித் தின்றவர்களில் சிலர், வாங்குவதற்கு ஆளில்லாமல் போன வண்டியின் சரக்கு முழுவதையும் காசு கொடுத்து எடுத்துக்கொண்டு விற்பவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேறு சிலர் அடுத்த தெருவில் திறந்திருக்கும் கடை எதுவென்று விசாரித்தார்கள்.

மிட்லா கபே இன்றும் அந்தக் குடும்பத்தார் கையிலேயே நடந்து வருகின்றது. போய் டாக்கோ கேட்டால் பொரித்த டார்ட்டியாவில் கொத்துக்கறியும் செடார் சீஸும் வைத்துத்தான் கொடுக்கிறார்கள்.