தலையெழுத்தா, விசாரணையா?

கம்மாபுரம் பக்கத்துக் குடியானவர், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இன்று விருத்தாசலம் அரசினர் கலைக் கல்லூரிக்கும், 1929-இல் சிதம்பரத்தில் ஏற்பட்ட அண்ணாமலைச் சர்வகலாசாலைக்கும் படிக்கப் போகிறார்கள். மகிழத்தக்கதே. ஆனால் ஒரு பிள்ளை முதல் வருஷத்திலேயே படிப்பை விட்டுத் திரும்பினால், "தலையெழுத்து" என்று சொல்லி ஊர் ஓய்ந்துவிடுகிறது. அந்த எழுத்தைப் படித்தவன் எவன் என்று நாம் கேட்கின்றோம்.

காலையில் சாப்பிட்டாயா, பஸ் நேரத்துக்கு வருகிறதா, இங்கிலீஷில் நடத்தும் பாடம் விளங்குகிறதா, உன் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நீதானா என்று சேர்ந்த வாரத்திலேயே கேட்டு எழுதி வாங்கினால் காரணம் தெரியாமற் போகுமா? அமெரிக்காவில் 1966 முதல் புது மாணாக்கரிடம் இவ்விதம் விசாரித்து வருகிறார்கள். இங்கும் 1920-இல் சென்னை நகரசபை, ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதற்காக ஆயிரம் விளக்கில் சிற்றுண்டிதான் கொடுத்தது, அர்ச்சனை செய்யவில்லை.

ஆனால், பதிலை வாங்கிப் பீரோவில் பூட்டுவதும் கல்லுக்குப் படைப்பதும் ஒன்றே. பலர் பஸ் இல்லையென்றால் வகுப்பு மணியை மாற்ற வேண்டும். இங்கிலீஷ் விளங்கவில்லையென்றால் மாலையில் தமிழில் விளக்க வேண்டும். ஒருவருடைய வறுமையைப் பலரறியச் சொல்லி அவமானப்படுத்தவும் கூடாது. விசாரியாமல் பிள்ளையைப் பழிப்பது அறிவுடைமையாகாது.