உபகாரச் சம்பளமும் ஆராய்ச்சிச் சுதந்திரமும்

1913-ம் வருஷத்தில் பரோடா மன்னர் ஸயாஜிராவ் கெய்க்வாட், மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்று வருஷ உபகாரச் சம்பளம் அளித்து, தீண்டாதாரென ஒதுக்கப்பட்ட குலத்தில் உதித்த ஓர் இளைஞரை நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலைக்கு அனுப்பினார். பொருளாதாரம் பயிலச் சென்ற அவ்விளைஞர் அத்துடன் அமையவில்லை. 1916 மே மாதத்தில், இந்தியாவில் ஜாதிகள் தோன்றிய விதத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரையும் வாசித்தார். அவரே டாக்டர் அம்பேத்கர்.

ஷெட்யூல்டு வகுப்பு மாணவர்கள் அயல்நாடுகளில் உயர்கல்வி பயில்வதற்கென இந்திய சர்க்கார் நடத்திவரும் தேசிய உபகாரச் சம்பளத் திட்டத்தை இச்சரித்திரத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நம் கடமையாகும். இந்திய கலாசாரம், சரித்திரம், சமூகவியல் ஆகியவை பற்றிய ஆராய்ச்சிக்கு இத்திட்டத்தில் இடமில்லையென 2022-ம் வருஷத்தில் ஒரு விதி புகுத்தப்பட்டது. இவ்விதி அன்று பரோடாவில் இருந்திருப்பின், மேற்சொன்ன கட்டுரையை ஒத்த ஆராய்ச்சிக்கு ஒரு காசும் கிடைத்திராது!

இந்தியாவைப் பற்றி ஆராய்வதற்கு வேண்டிய சாதனங்கள் இந்தியாவிலேயே நிறைந்திருக்க, அதற்காகக் கடல் கடப்பானேன் என்று அதிகாரிகள் சமாதானம் கூறினர். இவ்வாதம் நிலைக்காது. பழைய இந்தியா ஆபீஸின் தஸ்தாவேஜுகள் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலேயே இருக்கின்றன. அன்றியும், ஆராய்ச்சிக்குச் சாதனம் மட்டும் போதாது. சிறந்த ஆசிரியரின் பயிற்சியும், அஞ்சாமல் வினாவெழுப்பும் சூழ்நிலையும் வேண்டும். ஜாதியின் கொடுமையை அனுபவித்தவனே அதை ஆராயக்கூடாதெனில், வேறு யார்தான் ஆராய்வது?

நிதி விஷயமும் இத்தகையதே. 2025 ஜூலையில், தேர்ந்தெடுக்கப்பட்ட 106 பேரில் 40 பேருக்கே முதற்கண் தற்காலிக உத்தரவு வழங்கப்பட்டது. மற்றையோர் பணம் கிடைக்குமாயின் பார்க்கலாமென நிறுத்தி வைக்கப்பட்டனர். சர்வகலாசாலைகளோ செப்டம்பரில் திறந்துவிடும். செலவுக்குப் பணமுண்டென்று காட்டாதவனுக்கு விசாவும் கிடைப்பதில்லை. காலங்கடந்த உதவி மறுக்கப்பட்ட உதவியே. பரோடாவின் உதவி முடிவுற்றதால் 1917-ல் லண்டன் படிப்பை இடையில் விட்டுத் திரும்பிய அம்பேத்கர், 1920-ல்தான் மீண்டும் அங்கே செல்ல முடிந்தது. சுயமாகச் சேமித்த பணமும், கோலாப்பூர் மன்னர் ஷாஹுவின் உதவியும், நண்பரின் கடனும் அப்போது கைகொடுத்தன. இன்றைய ஏழை மாணவர் எத்தனை பேருக்கு இவ்வாறு கைகொடுப்பார் உண்டு?

படித்துத் திரும்பியதும் சமஸ்தானத்தில் பத்து வருஷம் உத்தியோகம் பார்ப்பதென்பது அவர் செய்திருந்த ஒப்பந்தம். ஆனால் பரோடாவில் தங்குவதற்கு ஓர் அறைகூட அவருக்கு நிலைக்கவில்லை, உத்தியோகமும் நீடிக்கவில்லை. எனினும் அம்மன்னர் ஈந்த பொருள் வீண்போயிற்றென்று யார் சொல்வர்? ஒரு சமஸ்தானத்துக்கு உத்தியோகஸ்தராக வேண்டியவர், தேசத்தின் அரசியல் சட்டத்தை வரைந்த குழுவுக்குத் தலைவரானார். விதைப்பவன் விளைவை முன்கூட்டி அளந்து வைக்க இயலாது.

ஆகவே, பொருள்பற்றிய தடையை அறவே நீக்குவதும், தேர்வு முடியுமுன்பே முழு நிதியையும் ஒதுக்கி வைப்பதும் சர்க்காரின் கடமை. எதை ஆராய்வதென்பதை மாணவரும் ஆசிரியரும் தீர்மானிக்கட்டும். தகுதியைச் சோதித்தபின் வழிவிட்டு நிற்பதே கொடுப்பவருக்கு அழகு.