தராசின் பிழை

2025ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் லண்டன் மாநகரின் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக்கான இறுதியாட்டம் நடைபெற்றது. செல்வச் செழிப்பில் முன்வரிசையில் நிற்கும் மான்செஸ்டர் சிட்டி ஒருபுறம். அதுவரை பெருங்கோப்பை எதனையும் வென்றறியாத கிறிஸ்டல் பேலஸ் மறுபுறம். பதினாறாம் நிமிடத்தில் எபெரெச்சி எஸே என்னும் பேலஸ் ஆட்டக்காரர் ஒரு கோல் அடித்தார். ஆட்டத்தின் ஒரே கோல் அதுவே. கோப்பை பேலஸுக்குச் சென்றது. மூன்று திங்கள் கழிந்து, ஆகஸ்டில், ஆர்சனல் கழகம் ஆறு கோடிப் பவுண்டு அளவுக்கு விலை கொடுத்து அவரைத் தன்பால் அழைத்துக் கொண்டது.

அழைத்துக் கொண்டது என்பதினும், திரும்ப அழைத்துக் கொண்டது என்பதே பொருந்தும். ஏனெனில், எஸே சிறு வயதில் பயின்றது அதே ஆர்சனலின் பயிற்சிப் பள்ளியில்தான். பதின்மூன்றாம் வயதில் அவர் அங்கிருந்து விலக்கப்பட்டார். நைஜீரியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த அச்சிறுவர் பின்னர் ஃபுல்ஹம், ரெடிங், மில்வால் என வாசல் வாசலாக ஏறி இறங்கினார். ஒருவரும் அவரை நிலையாக வைத்துக் கொள்ளவில்லை. பதினெட்டு வயதில் வெறுங்கையோடு நின்றவரை 2016இல் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகம் ஏற்றுக் கொண்டது. அவருடைய ஏற்றம் அங்கேதான் தொடங்கியது.

இவ்வரலாற்றை எழுதுவோர் பலரும் ஒரே நீதியைச் சொல்லி முடிக்கின்றனர்: விடாமுயற்சி வெற்றி தரும், மனம் தளராதவன் மேலே வருவான். கேட்பதற்கு இனிய நீதிதான். ஆனால், இந்த வரலாற்றிலிருந்து பெற வேண்டிய நீதி அதுவன்று என்பதே நம் கருத்து. நான்கு கழகங்கள் நிறுத்துப் பார்த்து, எடை போதாதென்று தள்ளிய பிள்ளை, ஆறு கோடிப் பவுண்டு பெறுமானமுள்ளவனாக வளர்ந்தான் என்றால், அங்கே நாம் ஐயுற வேண்டியது தராசையன்றோ? பிள்ளையின் பொறுமையைப் புகழ்ந்துவிட்டுத் தராசை அப்படியே தொங்கவிடுவது என்ன நியாயம்?

தராசு ஒருமுறை மட்டும் பிழைத்திருந்தால் பொறுக்கலாம். இன்று இங்கிலாந்து அணிக்காக மிகுதியான கோல்களை அடித்த ஹாரி கேனையும் இதே ஆர்சனல் குழந்தைப் பருவத்திலேயே விலக்கியது. டெக்லன் ரைஸைப் பதினான்கு வயதில் செல்சி கைவிட்டது. 2023இல் அவருக்காக ஆர்சனல் பத்துக் கோடிப் பவுண்டுக்கு மேல் கொடுக்க இசைந்தது. ஜேமி வார்டியைப் பதினாறு வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே அனுப்பிவிட்டது. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சிறு கழகங்களில் ஆடிய அவர்தாம் 2016இல் லெஸ்டர் நகரின் கழகம் நாட்டின் முதற்பட்டத்தை வென்றபோது அதன் முன்னணி வீரர். இவர்களெல்லாம் நாம் பெயரறிந்தவர்கள். பெயர் அறியாமலே மறைந்து போனவர்கள் எத்தனை பேர்?

இந்தத் தொழில் நடக்கும் முறையைச் சற்றே நோக்குவோம். ஒன்பது வயது வகுப்பிலிருந்தே சிறுவர்களைக் கழகங்கள் தம் பெயரில் பதிவு செய்து கொள்கின்றன. பள்ளி விட்டதும் பயிற்சி; வார இறுதியில் ஆட்டம். பதினாறு வயதில் தேறியவர்க்கு ஈராண்டு உதவித்தொகையுடன் கூடிய பயிற்சி. பதினெட்டில் இறுதித் தீர்ப்பு. இடையில் எந்த ஆண்டிலும் ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாம். மேலும் ஒரு விந்தையைக் கேளுங்கள். அங்கே வயதுப் பிரிவு செப்டம்பர் முதல் நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆகவே, செப்டம்பரில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஆகஸ்டில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பினர். முன்னவன் ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன். உயரமும் வலிமையும் அவனுக்கு இயல்பாகவே மிகுதி. பயிற்சிப் பள்ளிகளில் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்களே மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டியுள்ளனர். பிறந்த மாதத்தைத் திறமை என்று எண்ணி எடை போடும் தராசை என்னென்பது!

இனி, விலையைப் பார்ப்போம். 2011 அக்டோபரில் சிறு கழகங்கள் வாக்களித்து ஏற்ற புதிய திட்டம் 2012இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஒரு சிறு கழகம் வளர்த்த பிள்ளையைப் பெருங்கழகம் எடுத்துக்கொண்டால், ஒன்பது முதல் பதினொரு வயது வரையிலான ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000 பவுண்டு என்று இழப்பீடு வரையறுக்கப்பட்டது. வளர்த்த பிள்ளைகளை இவ்வாறு சொற்ப விலைக்கு இழந்த பிரெண்ட்ஃபர்ட் கழகம் 2016இல் தன் பயிற்சிப் பள்ளியையே மூடிவிட்டது. 2022இல்தான் மீண்டும் திறந்தது. குழந்தையின் ஓராண்டுக்கு விலைப்பட்டியல் எழுதும் உலகம், அக்குழந்தை வேண்டாதவனாகும்போது அவனுக்குத் தரவேண்டியது என்னவென்று எழுதிவைத்ததா?

பெரியவர்கள் தங்கள் உரிமையை ஒரு காலத்தில் போராடிப் பெற்றார்கள். 1961 வரை அந்நாட்டில் ஆட்டக்காரர் ஒருவருக்கு வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் ஊதியம் கொடுக்கக்கூடாது என்ற விதி இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் கழகம் விடாவிட்டால் வேறிடம் செல்ல இயலாது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹம் என்பார் வழக்காடினார். 1963இல், அடிமை வாணிபத்தை எதிர்த்த வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் வழிவந்த நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், அம்முறை நியாயமற்றதெனத் தீர்ப்பளித்தார். மனிதனைச் சரக்காக வைத்திருக்கலாகாது என்பதற்கு அன்று ஒரு நீதிமன்றம் இருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை எந்த நீதிமன்றத்தின் படியேறுவான்?

'யாரும் வற்புறுத்தி அழைக்கவில்லையே. பெற்றோர் விரும்பித்தானே விடுகிறார்கள்? போட்டி என்றால் சிலர் வெல்வதும் பலர் தோற்பதும் இயல்புதானே?' என்று கேட்பார் உண்டு. தோற்பது இயல்புதான், நாம் மறுக்கவில்லை. ஆனால், தேர்வில் தவறிய மாணவன் மறுபடி எழுதலாம். வேறு கல்லூரி தேடலாம். ஒன்பது வயது முதல் 'நீ காற்பந்து வீரன்' என்று ஒன்றையே கேட்டு வளர்ந்தவனிடம் ஒரு மாலைப் பொழுதில் 'நீ அதுவும் அல்லை' என்று சொன்னால், அவன் கையில் எஞ்சுவது என்ன? 2020 அக்டோபரில், பெருங்கழகம் ஒன்றின் பயிற்சிப் பள்ளியிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது முறையன்று. எனினும், விலக்கப்பட்ட பிள்ளைகளை எவர் தேடிச் செல்கிறார் என்ற கேள்வியை அந்த மரணம் எழுப்பியது. கேள்வி இன்னும் ஓயவில்லை.

வழி இல்லாமலில்லை. கிறிஸ்டல் பேலஸ் கழகமே தான் விடுவிக்கும் இளைஞர்களுக்கு மூன்றாண்டு காலம் துணைநிற்கும் திட்டத்தை 2022இல் அறிவித்தது. ஒரு கழகத்தால் இயலுவது ஏனையவற்றால் இயலாதா? பிரீமியர் லீக் ஆட்டங்களை அந்நாட்டில் ஒளிபரப்பும் உரிமை மட்டும் 2025 முதல் நான்காண்டுக்கு 670 கோடிப் பவுண்டுக்கு விலைபோயுள்ளது. அதில் ஒரு துளியைக் கழித்தாலும் விலக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் படிப்பும் தொழிலும் ஆறுதலும் அளிக்கலாம். அளிப்பது கொடையன்று, கடன். விருப்பம்போல் செய்யும் நன்மையாக விடாமல், பதிவு செய்யும் அன்றே எழுத்தில் ஒப்புக்கொள்ளும் கடமையாக அதனை ஆக்க வேண்டும் என்கிறோம்.

சனிக்கிழமை மாலைகளில் நம் இல்லங்களிலும் இந்த ஆட்டங்கள் ஓடுகின்றன. செந்நிறச் சட்டையில் எஸே பந்தோடு விரையும்போது நம் பிள்ளைகள் ஆர்ப்பரிக்கின்றனர். ஆர்ப்பரிக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் அவர்களை அருகில் அழைத்து, அவருடைய கதையை முழுதாகச் சொல்வோம். நான்கு வாசலில் அவர் தள்ளப்பட்டதையும், அந்த வாசல்களில் அவரோடு நின்ற மற்றப் பிள்ளைகள் திரும்பி வரவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வோம். பிள்ளை என்பவன் நம்மிடமும் பிறரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பெற்றவர் அதற்குக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். வென்ற பிள்ளைக்கு மட்டுமன்று, வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைக்கும்.